ஜோடி இல்லாத பதினொன்று

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஈப்போ பக்கத்து லகாட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர், வேற்று மனிதர் முன்னால் என் மகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தது. ஹில்டா ஒரு விசையை அழுத்தினாள். திரையின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. ஜோடி இல்லாத அடைப்புக்குறிகள் பதினொன்று என்று அதற்குப் பொருள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பதினொன்று. சதாசிவம், நான் உட்காரச் சொல்லாமலே இழுத்துப் போட்டுக்கொண்ட நாற்காலியில் முன்னால் சாய்ந்து அந்த வரியைப் படித்தான்.

அவன் அந்த வீட்டுக்குத்தான் புதியவன், எனக்கல்ல. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் முப்பத்தொரு வருடம் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அவன் அப்பா பத்துமலை அதே தோட்டத்தில் பால்மரம் சீவினான். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நான் பேர் வாசிப்பேன், பத்துமலை கை தூக்குவான். கிராணி வீட்டுக்கு ஏதாவது கேட்டு வருகிற தொழிலாளர்கள் வராந்தாவில் நின்றுதான் பேசுவார்கள். அது நான் வைத்த சட்டமல்ல. எனக்கு முன்பே இருந்தது, நான் மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்துமலையின் மகன் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்து, ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினான். 1986இல் அது பெரிய விஷயம். என் மகள் அவனிடம் வேலை பார்த்தாள். அதைப் பற்றி யாராவது கேட்டால் அவன் பெயரைச் சொல்லமாட்டேன். "அவ வேலை பாக்குற எடம்" என்று முடித்துக்கொள்வேன்.

வந்து சேரும் மாணவர்களின் பேர் எழுதத்தான் ஹில்டாவை முதலில் வைத்திருந்தார்கள். அவளாகப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு, எட்டு மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். எனக்குப் புரிந்த அளவில் அது இப்படி. திரையில் டைப்ரைட்டரில் அடிப்பதுபோல எழுதிக்கொண்டு போகலாம், திருத்தலாம், அழிக்கலாம். பாடத்தின் விளக்கம் பக்கம் முழுக்க ஓடும். நடுவில் இரண்டு நட்சத்திர வரிகளுக்கு இடையே சின்னதாக ஒரு கணக்கு புரோகிராம் இருக்கும். படிக்கிற பிள்ளை பக்கத்தை விட்டு வெளியே போகவேண்டாம். ஒரு விசையை அழுத்தினால் நட்சத்திரங்களுக்கு நடுவில் இருப்பது அங்கேயே ஓடி, விடையை அடியில் காட்டும். ஆனால் புரோகிராம் எழுத்தில் திறந்த அடைப்புக்குறிகளை எல்லாம் மூடியாக வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டு மூடாமல் போனால் மாடு நாற்றுமேடைக்குள் இறங்கிவிடும், அதைப்போல. புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள் என்று, ஓடவிடுவதற்கு முன் குறிகளை எண்ணிப் பார்க்கும்படி ஹில்டா செய்திருந்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ஓடும்.

பாடங்களை டைப் செய்தது நான். டிசம்பர் விடுமுறைக்கு வகுப்பை மூடியதால் மெஷினை டாக்சியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் பென்சிலில் கிறுக்கிக் கொடுத்த விளக்கங்களை நான் நல்ல ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்தி அடித்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் வருவதை அவள் எழுதிக்கொண்டாள். பதினான்கு பாடங்கள். மத்தியாஸ் அடித்த கடிதத்தில் பிழை தேடுவது நேரத்துக்குக் கேடு என்று எங்கள் துரையே ஒருமுறை சொன்னார். அதை நான் என் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியை புவான் ரொகாயா இதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் ஜனவரியிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஹில்டாவின் பாடங்கள்தான். பாடம் எழுதும் பிரிவுக்கு அவளே பொறுப்பு. பிடிக்காவிட்டால் சிங்கப்பூரிலிருந்து தயாராக ஒன்றை வரவழைத்துக்கொள்வார்கள். ஹில்டா பழையபடி முன்மேசையில் பேர் எழுதப் போவாள். நானோ முந்தின ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, என் மகள் சொந்தமாகச் செய்தது, பள்ளிக்கூடங்கள் வாங்கப்போகின்றன என்று பத்துப் பேரிடமாவது சொல்லியாகிவிட்டது.

"மொதப் பாடம் ஓடுது. நாலாவது ஏன் லா ஓட மாட்டேங்குது?" என்றான் சதாசிவம்.

"ஏழாவதும் ஓடல பாஸ். பெரிய புரோகிராம் வர்ற எடத்துல எல்லாம் மாட்டுது. பாக்குறேன்."

"சனிக்கெழம புவான் முன்னாடி இந்தப் பதினொண்ணு வந்து நின்னுச்சுன்னா சுசா, பெரிய தொல்ல. பிராக்கெட்டக்கூட எண்ணத் தெரியாதவங்ககிட்ட புள்ளைங்கள எப்படி விடறதுன்னு அந்தம்மா கேக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வீட்டுல செஞ்ச வேலையில தப்பு இருக்காது, சதாசிவம். ஒன் மெஷின்ல பாரு."

"மெஷின் புதுசுங்க ஐயா."

"அப்ப கரெண்ட்டப் பாரு."

அடுப்படியில் என் மனைவி குழந்தையம்மாள் இருமினாள். அது இருமலல்ல என்று எனக்குத் தெரியும். விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருக்கும் கோப்பையில் அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பத்துமலை அண்ணே நல்லா இருக்காரா தம்பி? இம்புட்டுத் தூரம் வந்தீங்க, அவரையும் கூட்டியாந்திருக்கலாமே" என்றாள்.

"கூப்பிட்டேம்மா. கெளம்பினாரு. கிராணி ஐயா வீடுன்னதும் வேணாம்னுட்டாரு. ரொம்ப நேரம் நிக்க முட்டி தாங்காதாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஹில்டா திரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே, ஈயம் தோண்டிவிட்ட குட்டையில் யாரோ தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோப்பியை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தவன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஹில்டாவிடம் சொன்னான். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாரு. முடியலன்னா எனக்குப் போன் பண்ணிரு. சிங்கப்பூர் புரோகிராமத்தான் காட்டணும். நீ செஞ்சது மோசம்னு இல்ல, ஹில்டா. நேரம் இல்ல."

அன்று பகல் முழுவதும் அவள் மேசையை விட்டு எழவில்லை. நான்காம் பாடத்துப் புரோகிராமைத் தனியாகக் கிள்ளி எடுத்து ஓடவிட்டாள். ஓடியது. பாடத்துக்குள் வைத்தாள். பதினொன்று. தான் எழுதிய பெரிய புரோகிராமை, அதாவது எண்ணுகிற புரோகிராமை, காகிதத்தில் அச்சிட்டு, துளை போட்ட அந்த நீளக் காகிதத்தைக் கூடத்தில் பாய்போல விரித்து, முழங்காலிட்டு வரி வரியாகப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. முழங்காலிட்டு அவளை நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை சாப்பிடவும் இல்லை. தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிச் செருகிக்கொண்டு, "இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தோல்வி அவள் முகத்தில் மெதுவாக வந்து உட்காருவதைப் பார்த்தேன். முன்மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் பேரை எழுதும் முகம் அது.

"நான் அடிச்சதையும் ஒரு பார்வ பாத்துரு" என்றேன், சொல்லவேண்டுமே என்று.

"ஒங்க டைப்பிங்ல என்னப்பா இருக்கப் போவுது? அத நான் சந்தேகமே படல."

மதியம் தலைவலி தாங்காமல் அவள் போய்ப் படுத்தாள். குழந்தையம்மாளும் கண்ணயர்ந்திருந்தாள். நான் நான்காம் பாடத்தின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். எனக்குப் புரோகிராம் தெரியாது. எண்ணத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஆள் எண்ணினேன். ஒரு அடிக்கோலை வரியின்கீழ் வைத்து, திறக்கும் குறிக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு, மூடும் குறிக்கு நீலத்தில் ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வந்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் சிவப்பு பத்தொன்பது, நீலம் பத்தொன்பது. என் மகள் கணக்கில் குறையில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்தின் கடைசி வரிவரை போகாமல் அடிக்கோலை எடுத்து எனக்குப் பழக்கமில்லை. நட்சத்திர வரியைத் தாண்டினேன். மாணவன் செய்யவேண்டியவை என்று நான் வரிசைப்படுத்தி அடித்திருந்த பகுதி அது.

1) மெஷினைப் போடவும். 2) வட்டைச் செருகவும். இப்படியே போய் 11) வரை.

நீலக் கோடுகள் பதினொன்று. ஒரு சிவப்புக்கூட இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த துரைக்கு அறிக்கைகள் இப்படித்தான் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் வலது பக்கம் மட்டும் ஒரு வளைவு. புள்ளி வைத்தால் கார்பனில் நான்காவது பிரதிக்கு வரும்போது காணாமல் போய்விடும், வளைவு தெரியும். இரண்டு பக்கமும் வளைப்பது வீண் வேலை. அப்படியே பழகி, எனக்குக்கீழ் வந்த சின்னக் கிராணிகளையும் அப்படியே பழக்கினேன். யாராவது புள்ளி வைத்தால் காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பேன். ஏழாம் பாடத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் ஆறு. அந்தப் பாடத்துக்கு மெஷின் ஆறு என்றுதான் சொல்லியிருந்தது. முதல் பாடத்தில் நான் வரிசை எண் போடவில்லை, அதனால்தான் அது ஓடியது. ஹில்டா தேடாத ஒரே இடத்தில் அது இருந்தது. அவள் தேடாமல் போனதற்குக் காரணமும் நான்தான்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் எழுந்து போய் ஹில்டாவை எழுப்பவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நான்காம் பாடத்தைத் திறந்து, பதினொரு வளைவுகளையும் ஒவ்வொன்றாக அழித்து, புள்ளி வைத்தேன். விசையை அழுத்தினேன். பாடம் ஓடியது. விடை அடியில் வந்து நின்றது. வீட்டில் சத்தமில்லை. இன்னும் சில பாடங்களில் இதையே செய்தால் போதும். மகள் எழுந்து வந்து பார்ப்பாள், ஓடும், மெஷின் தானாகச் சரியாகிவிட்டது என்பேன். கரெண்ட்தான் என்பேன். சதாசிவத்திடம் நான் சொன்ன வார்த்தையும் பிழைக்கும்.

கை அடுத்த பாடத்தைத் திறக்கப் போனது. அப்போது ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது. அந்தப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இதன்முன் உட்காருவார்கள். அவர்களில் ஒன்று, எங்காவது ஒரு கிராணி வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம், தன் குறிப்பை எழுதும்போது 1) என்று போடும். மெஷின் மறுக்கும். அப்போது நான் அங்கே இருக்கமாட்டேன். அதைச் செய்தவள் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இந்த வீட்டின் மானம் என்று நான் இத்தனை நேரம் காத்துக்கொண்டிருந்தது என் ஒருவனுடைய மானத்தை. அதற்கு என் மகளுடையதைக் கொடுக்கப் பார்த்தேன்.

பதினொரு புள்ளிகளையும் அழித்துவிட்டு வளைவுகளைத் திரும்ப வைத்தேன். அழிக்க ஆன நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது. பிறகு போய் ஹில்டாவின் கதவைத் தட்டினேன்.

காகிதத்தைக் காட்டினேன். நீலக் கோடுகளை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். குழந்தையம்மாள் பயந்துபோய் எழுந்து வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"அப்பா அடிச்சதுல பதினொரு பிராக்கெட்டும்மா! நான் ரெண்டு நாளா என் தலைய ஒடைச்சிட்டு இருக்கேன்."

"ஒங்கப்பா தப்பா அடிச்சாரா?" என்று கேட்ட குழந்தையம்மாள், காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "இரு, தேதியக் குறிச்சு வச்சிக்கிறேன்."

"தப்பு என்னுதுதான்" என்றேன். அந்தச் சொற்கள் என் வாயில் புதிய பல்செட் போல இருந்தன.

ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லப்பா. நீங்க எழுதுறாப்லதான் எல்லாரும் எழுதுவாங்க. நான்தான் பக்கத்தோட தலையில இருந்து கடைசி வரைக்கும் எண்ண விட்டுட்டேன். நட்சத்திரத்துக்கு வெளிய இருக்கிறது அதுக்கு எதுக்கு? உள்ள நொழையும்போது சைபர்ல இருந்து ஆரம்பிச்சு, வெளிய வரும்போது எண்ணுறத நிறுத்திரணும். வெளிய எவ்வளவு கூடக்கொறைய இருந்தாலும் அத வாசல்லயே விட்டுறணும்."

நான்கைந்து வரிகளை மாற்றினாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பதினொரு வளைவுகளும் அப்படியே இருக்க, நான்காம் பாடம் ஓடியது. ஏழாவதும் ஓடியது. அதன் பிறகு குழந்தையம்மாள் தட்டில் சோற்றைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"மூலைக் கடையில இருந்து பாஸுக்குப் போன் பண்ணிட்டு வாரேன்" என்றாள். "சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்றேன். எதனாலன்னு சொல்லல."

"நீ ஓடுதுன்னு சொல்லு. எதனாலங்கிறத நாளைக்கு நான் சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை மெஷினைப் போர்வையில் சுற்றி டாக்சியின் பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். நான் கோட்டு போட்டிருந்தேன். அந்த மாடிப்படிகளில் நான் ஏறியது அதுதான் முதல் முறை. மேலே எட்டு மேசைகள், எட்டு மெஷின்கள், சுவரில் சாமி படம், அதற்குக்கீழே பாப்பா என்று ஒரு பெண் முன்மேசையில் ஹில்டாவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தாள். சதாசிவம் கழுத்தில் டையைச் சரிசெய்தபடி எதிரே வந்தான். ஹில்டா மெஷினைப் பொருத்தப் போனாள். புவான் வர இருபது நிமிடம் இருந்தது.

"ஒரு நிமிஷம், சதாசிவம்."

"சொல்லுங்க ஐயா."

"வியாழக்கெழம எங்க வீட்டு வேலையில தப்பு இருக்காதுன்னு சொன்னேன். இருந்துச்சு. நான் அடிச்சதுல வந்தது. ஹில்டா அது அவளுதுங்கிறா, அது அவ பெருந்தன்மை. ஒங்க மெஷினக் குத்தம் சொன்னேன் பாருங்க, அது சரியில்ல."

ஒங்க என்று வந்துவிட்டது. வந்ததைத் திருத்திக்கொள்ளவில்லை. பாப்பா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சதாசிவத்தின் கை டையிலேயே நின்றது. பெரட்டில் முன்வரிசையில் நிற்கும் அவன் அப்பாவின் முகம், பேர் வாசித்து முடிக்கும்வரை எதுவும் காட்டாத அந்த முகம், ஒரு கணம் அவனிடம் வந்து போனது.

"ஐயாவுக்குக் காய்ச்சலா?" என்றான்.

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை.

"கரெண்ட்டையும் சேத்து மன்னிச்சுக்கச் சொல்றாரு பாஸ்" என்று மேசைக்கடியிலிருந்து ஹில்டாவின் குரல் வந்தது.

"இத எங்கப்பாகிட்ட சொன்னா நம்பமாட்டாரு லா. நான் கட்டி விடறேம்பாரு. நீங்களே சொன்னாத்தான் உண்டு."

"சொல்றேன்."

"அப்ப ஒரு நாளைக்கு அழைச்சிட்டு வாரேன்."

"வேணாம். முட்டிவலிக்காரர எதுக்கு அலைய விடணும்? நான் வர்றேன். எங்க இருக்காருன்னு எழுதிக் குடுங்க."

அவன் பாப்பாவின் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். எழுத ஆரம்பிக்கும்போதே படிகளில் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது.

புவான் ரொகாயா ஐம்பது வயதுக்காரர், கணக்கு ஆசிரியை. வணக்கம் சொல்லிவிட்டு, வேறு பேச்சில்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். சதாசிவம் ஏதோ விளக்கத் தொடங்கியபோது கையை லேசாகத் தூக்கி நிறுத்தினார். நான்காம் பாடத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். நான் பின்சுவரோரம் நின்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹில்டா அவர் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றாள். பின்னாலிருந்து எனக்கு அந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன.

புவான் விசையை அழுத்தினார். விடை வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே போய், நன்றாக இருந்த ஒரு வரியிலிருந்து ஒரு அடைப்புக்குறியை வேண்டுமென்றே அழித்தார். அழுத்தினார். ஓடவில்லை. ஜோடி இல்லாதது ஒன்று என்றும், எந்த வரி என்றும் திரை சொன்னது. குறியைத் திரும்ப வைத்தார். ஓடியது. இன்னொரு இடத்தில் ஒன்று கூடுதலாகப் போட்டார். அதையும் கண்டுபிடித்தது. மூன்றாவது முறை எங்கே அழிக்கலாம் என்று அவர் விரல் திரையில் மேலும் கீழும் தேடியது. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளை சரியான விடை சொல்லும்போது ஆசிரியர்கள் இப்படித்தான் அடுத்த கேள்வியைத் தேடுவார்கள்.

"சியாப்பா புவாட் இனி?" என்று திரும்பாமலே கேட்டார். இதை யார் செய்தது?

"ஹில்டா மத்தியாஸ்" என்றான் சதாசிவம்.

புவான் நாற்காலியில் ஒரு பக்கமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். ஹில்டா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாதி நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னார் அவர். பாடம் மறைந்து திரை வெறுமையானது. மேல் மூலையில் சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் இரண்டு தலைகள் நெருங்கின. ஜனவரிக்கு வேண்டிய பாடத்தைப் புவான் மெதுவாகச் சொல்ல, என் மகள் எழுத ஆரம்பித்தாள்.